"ஆனால்" என்று வரும் கணக்கு



பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பியல் பாடம் வருகிறது. போட்டித் தேர்வுகளிலும் கேட்கிறார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள், கேள்வியில் "ஆனால் இந்த இருவரும் பக்கத்தில் உட்காரக் கூடாது" என்று வந்ததும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். டியூஷனுக்கு அருப்புக்கோட்டை போய்வர வசதியில்லாத பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரிந்த எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். அரபி எழுத்து 28. ஓர் எழுத்து மறுபடி வராமல் மூன்றெழுத்து அடுக்குகள் எத்தனை? முதல் இடத்துக்கு 28, அடுத்ததற்கு 27, மூன்றாவதற்கு 26. பெருக்கினால் 19,656.

8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், 'கிதாபுல் ஐன்' என்ற அகராதியை இப்படி எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கித்தான் அமைத்தார். மூன்றெழுத்தை 6 விதமாகவும் நான்கெழுத்தை 24 விதமாகவும் அடுக்கலாம் என்றார். வழக்கில் இல்லாததை 'முஹ்மல்' என்று ஒதுக்கினார். ஐனும், ஜீமுக்கு அடுத்த ஹாவும் மக்ரஜில் நெருக்கமானவை, ஆகவே ஒரே சொல்லில் சேரா என்பதும் அவர் சொன்னதே.

இதுதான் நிபந்தனை. இரண்டும் சேர்ந்து வருபவை எத்தனை என்று முதலில் பாருங்கள். கூட வரும் மூன்றாவது எழுத்து, மீதி 26இல் ஏதாவது ஒன்று. மூன்றையும் 6 விதமாக அடுக்கலாம். 26 × 6 = 156. மொத்தத்தில் கழித்தால் 19,500.

சில கணக்கில் கழிப்பதைவிடக் கூட்டுவது சுலபம். நம் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டாமா? சொல்லின் முதலில் எல்லா எழுத்தும் வராது. தொல்காப்பியப்படி உயிர் 12. க, த, ந, ப, ம ஐந்தும் 12 உயிரோடும் வரும், ஆக 60. சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக 9. வகரம் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக 8. ஞகரம் ஆ, எ, ஒ சேர்ந்து 3. யகரத்தில் 'யா' மட்டும். கூட்டினால் 93, குற்றியலுகரம் ஒன்றையும் சேர்த்து 94.

"சட்டி, சந்தை என்கிறோமே?" என்று கேட்கும் பிள்ளையை அதட்ட வேண்டாம். சரியான கேள்வி அது. பின்னால் வந்த நன்னூல் சகரத்துக்கு 12 உயிரையும் அனுமதித்தது. நிபந்தனை மாறினால் விடையும் மாறும்.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒன்று: 0, 1, 2, 3, 4 கொண்டு, இலக்கம் திரும்ப வராமல், மூன்றிலக்க இரட்டை எண்கள் எத்தனை? 0 கடைசியில் வருவதைத் தனியாகவும், 2 அல்லது 4 வருவதைத் தனியாகவும் போடுங்கள். முன்னது 12, பின்னது 18, ஆக 30 வர வேண்டும்.