அயலவரின் சமயமும் நம் பிள்ளைகளின் விசுவாசமும்

பிறநாடுகளிற் குடியேறிய நம்மவரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு கவலை வெளிப்படுவதுண்டு. "அங்கே எல்லாச் சமயத்தவரும் கலந்தல்லவா வாழ்கிறார்கள்! வகுப்பில் ஒரு பக்கத்தில் முஸ்லிம் பிள்ளை, மறு பக்கத்தில் சீக்கியப் பிள்ளை. இந்தக் கலப்பில் நம் பேரப்பிள்ளைகளின் விசுவாசம் எங்ஙனம் நிலைக்கும்?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். கவலை நியாயமானதே. ஆனால் அக்கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. பல சமயத்தவர் நடுவே வாழ்வதுதான் விசுவாசத்தைக் கரைக்கிறது என்பதே அவ்வெண்ணம். அது மெய்தானா? நம்மவர் பெருந்தொகையினராக வாழும் இங்கிலாந்தையும் அதனோடிணைந்த வேல்ஸ் நாட்டையும் எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அந்நாடுகளிற் பத்து ஆண்டுகளுக்கொருமுறை குடிசன மதிப்பு எடுக்கப்படுகிறது. சமயம் யாது என்னும் கேள்வி 2001ம் ஆண்டிலேதான் அதிற் சேர்க்கப்பட்டது. விரும்பாதவர் விடையளிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டில் நூற்றுக்கு 71.7 பேர் தம்மைக் கிறிஸ்தவர் என்றனர். 2011ல் இத்தொகை 59.3 ஆயிற்று, 2021ல் 46.2 ஆகி, பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே இருபது ஆண்டுகளில் "எச்சமயமும் இல்லை" என்றோர் 14.8லிருந்து 37.2 ஆகப் பெருகினர். ஆட்தொகையிற் சொல்வதானால், 2021ல் கிறிஸ்தவர் 2 கோடி 75 இலட்சம். சமயமில்லாதோர் 2 கோடி 22 இலட்சம். முஸ்லிம்கள் 39 இலட்சம். இந்துக்கள் 10 இலட்சம்.

இவ்வெண்களை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒருவர் தம்மை இன்ன சமயத்தவர் என்று எழுதுவதைத்தான் குடிசன மதிப்பு கணக்கிடுகிறது. அவர் செபிக்கிறாரா, ஆலயத்துக்குப் போகிறாரா என்பதை அது அறியாது. 2001ல் சுமார் 3 இலட்சத்து 90 ஆயிரம் பேர், 'ஸ்ரார் வோர்ஸ்' என்னும் சினிமாப் படத்தில் வரும் 'ஜெடை' வீரர்களின் மார்க்கமே தமது சமயம் என்று எழுதிவைத்தனர்! விளையாட்டுத்தான். ஆனாலும் தன் சமயம் யாதென்று கேட்கும்போது விளையாடத் தோன்றுகிறது என்பதே ஒரு செய்தியன்றோ?

"முன்னாளில் வெள்ளைக்காரர் எல்லோரும் ஞாயிறு தவறாது கோயிலுக்குப் போனவர்கள்" என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அதுவும் முழு உண்மையன்று. 1851ம் ஆண்டு மார்ச் 30ந் திகதி ஞாயிறன்று அந்நாட்டு அரசாங்கம் வழிபாட்டுக்கு வந்தோரை எண்ணச் செய்தது. வரக்கூடியவர்களாயிருந்தும் வராமல் நின்றுவிட்டோர் 53 இலட்சம் அளவினர் என்று அக்கணக்கைத் தொகுத்த ஹொறஸ் மான் மதிப்பிட்டார். அக்காலத்தில் அங்கே அயல் வீட்டில் இந்துவோ முஸ்லிமோ இருந்தது அரிதினும் அரிது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கிறிஸ்தவம் விட்டுச்சென்ற இடத்தை யார் நிரப்பினர்? பிற சமயத்தவரா? இல்லை. முஸ்லிம்களின் தொகை 2001ல் நூற்றுக்கு 3 ஆக இருந்து 2021ல் 6.5 ஆயிற்று. இது பெரும்பாலும் குடியேற்றத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வந்த பெருக்கம். கிறிஸ்தவக் குடும்பங்களிற் பிறந்து விலகியவர்கள் பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ போகவில்லை. அவர்களிற் பெரும்பாலார் எங்குமே போகவில்லை.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது வேல்சையும் லண்டனையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பதாகும். லண்டன் மாநகரில் நூற்றுக்கு 15 பேர் முஸ்லிம்கள், 5 பேர் இந்துக்கள். வேல்சிலோ முஸ்லிம்கள் நூற்றுக்கு 2 பேரளவே; இந்துக்கள் ஒருவருக்கும் குறைவு. கலப்புத்தான் விசுவாசத்தைக் கரைக்கும் என்றால், லண்டனிலே சமயமற்றோர் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் 2021ன் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. சமயமில்லை என்றோர் லண்டனில் நூற்றுக்கு 27; வேல்சில் 46.5. கேர்ஃபிலி, றொண்டா முதலிய தென்வேல்சுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் அவர்கள் பாதிக்கும் மேல்.

அப்பள்ளத்தாக்குகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊர்கள் அவை. ஒவ்வொரு தெருவிலும் பப்ரிஸ்த, மெதடிஸ்த, சுயாதீன சபையாரின் செபக்கூடங்கள் எழுந்திருந்தன. 1904ல் லொகர் என்னும் ஊரில் இவான் றொபேட்ஸ் என்னும் 26 வயது இளைஞர், முன்னாட் சுரங்கத் தொழிலாளி, தொடக்கிவைத்த மறுமலர்ச்சியில் ஓர் இலட்சம் பேர் வரையில் மனந்திரும்பியதாக அக்காலத்தில் மதிப்பிட்டனர். அதற்கு முன்னரே, 1881ல், ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்சின் மதுச்சாலைகளை மூடச் சட்டமியற்றப்பட்டிருந்தது. 1961 தொடக்கம் ஊர்தோறும் வாக்கெடுத்துச் சட்டத்தைத் தளர்த்தலாயினர். கடைசிப் பகுதியும் 1996ல் தளர்த்திற்று. சட்டமும் வழக்கமும் அயலாரின் கண்ணும் காத்து நின்ற பக்தி, காவல் நீங்கியதும் தளர்ந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, இளைஞர் வேலை தேடி வெளியேறினர், பல செபக்கூடங்கள் விற்கப்பட்டு வீடுகளும் களஞ்சியங்களுமாயின.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர் கூர்ந்து கவனிக்க வேண்டியது. பல செபக்கூடங்களின் மொழி வேல்சு மொழி. தெருவிலும் பள்ளியிலும் பிள்ளைகளின் மொழியோ ஆங்கிலமாயிற்று. பாட்டனாருக்குக் கண்ணீர் வரவழைத்த பிரசங்கம் பேரனுக்கு ஓசையாக மட்டும் கேட்டது. மொழி போனபின் செபக்கூடம் அவனுக்குத் தாத்தாவின் வீடாயிற்று, தன் வீடாகவில்லை. லண்டனிலும் அயலூர்களிலும் தமிழ்ப் பூசைக்குப் போகும் நம் குடும்பங்களின் பின்வரிசையிலே, கையில் தொலைபேசியோடு இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தமிழை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருளல்ல. தமிழில் அவன் மனப்பாடமாய்ச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் பொருளை அவன் சிந்திக்கும் மொழியிலும் யாராவது அவனோடு பேச வேண்டும்.

இனி லண்டன். கிழக்கு லண்டனில் பிறிக் லேன் என்னும் தெருவிலே ஒரு கட்டடம் உண்டு. பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்தியர் 1743ல் அதனைத் தமது ஆலயமாகக் கட்டினர். பின்னர் மெதடிஸ்தர் அங்கே வழிபட்டனர். 1898ல், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரின் செபக்கூடமாயிற்று. 1976ல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. 1743 என்று பொறித்த சூரியக் கடிகாரம் இன்றும் அதன் சுவரில் இருக்கிறது. வந்தேறிய ஒவ்வொரு சமூகமும் முதலில் தேடியது வழிபடும் இடத்தையே என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கத்தோலிக்க ஆலயங்களின் கதையும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ் ஏழைகள் அவற்றை நிரப்பினர். இன்று போலந்து, நைஜீரியா, பிலிப்பைன்ஸ், கேரளம், இலங்கை ஆகிய நாடுகளின் மக்கள் நிரப்புகின்றனர்.

பல சமயத்தவர் நடுவில் வாழ்வோனிடம் "நீ யார்? ஏன் வெள்ளிக்கிழமை இறைச்சி உண்பதில்லை?" என்று யாராவது கேட்டுக்கொண்டேயிருப்பர். விடை சொல்ல அவன் தன் விசுவாசத்தை அறிந்திருக்க வேண்டியவனாகிறான். எல்லோரும் ஒரே சமயமாயிருந்த ஊரில் அப்படிக் கேட்க ஆளில்லை. 2023 மே 6ந் திகதி மூன்றாம் சார்ள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவில், அப்போது பிரதமராயிருந்த றிஷி சுனாக் என்னும் இந்து, புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தை வாசித்தார். இந்து, சீக்கிய, முஸ்லிம், யூத பிரபுக்கள் மன்னருக்குரிய சின்னங்களை ஏந்தி வந்தனர். அப்போது வெஸ்ற்மின்ஸ்ரர் பேராயராயிருந்த கர்தினால் வின்சென்ற் நிக்கொல்ஸ் ஆசீர் வழங்கியோரில் ஒருவர். இதைக் கண்டு எவரும் தம் சமயத்தை இழந்ததாகக் காணோம்.

ஆயினும் லண்டனைக் காட்டி நாம் மகிழ்ந்திருக்கவும் முடியாது. அங்குள்ள பக்தியிற் பெரும்பங்கு வந்தேறிய தலைமுறையின் பக்தி. ஊரிலிருந்து கொண்டுபோன முதல். அடுத்த தலைமுறை என்னாகும் என்பதே கேள்வி. பிரித்தானியக் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து விசாரித்த ஆய்வொன்றை வைத்து டேவிட் வோஸ், அலஸ்ரெயர் குறொக்கெற் என்னும் இரு சமூகவியலறிஞர் 2005ல் ஒரு முடிவை வெளியிட்டனர். தாய் தந்தை இருவரும் சமயப்பற்றுள்ளவராயிருந்தும் பிள்ளையிடம் அது சேர்வது பாதிக்குப் பாதிதான். ஒருவர் மட்டும் பற்றுள்ளவரானால் அதிலும் பாதி. இருவரும் பற்றற்றவரானால், அப்பற்றின்மை மட்டும் குறையாமல் பிள்ளையைச் சேர்ந்துவிடுகிறது! கத்தோலிக்கரைப் பற்றி 2016ல் ஸ்ரீபன் புலிவன்ற் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் இப்போது தம்மைக் கத்தோலிக்கர் என்று சொல்வதில்லை.

ஆகவே கசிவு வேலிக்கு அப்பால் அன்று, வீட்டுக்குள்ளே. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகும் தகப்பன், ஞாயிறு காலையில் உதைபந்தாட்டப் பயிற்சியைத் தவறவிடாமல் பூசையைத் தவறவிடும் வீடு, பரீட்சைக் காலமென்று மாதக்கணக்கில் நின்றுபோகும் செபமாலை: இவற்றுக்கு அயல்வீட்டு முஸ்லிம் பொறுப்பாளியல்லர். ஐந்துவேளைத் தொழுகைக்குத் தவறாது எழும் அவரைக் கண்டு நம் பிள்ளை, "எங்கள் வீட்டில் ஏன் ஒருவேளையும் இல்லை?" என்று கேட்கவும் கூடும்.

இலங்கையில் வாழும் நாமும் இதை வேற்றூர்க் கதையென்று ஒதுக்க இயலாது. சைவர், முஸ்லிம், பௌத்தர் நடுவே வாழ்வது நமக்குப் பரம்பரை வழக்கம். மடுமாதாவிடம் யார் யாரெல்லாம் வருகிறார்களென்று நாம் அறிவோம். ஆனால் இங்கே சமயம் ஒரு பாடமாகப் பாடசாலையிலேயே, அவரவர் சமயப்படி புகட்டப்படுகிறது. இங்கிலாந்தின் பொதுப் பாடசாலைகளில் எல்லாச் சமயங்களைப் பற்றியும் கற்பிப்பார்கள். எதையும் விசுவசிக்கக் கற்பிப்பது அவர்கள் வேலையன்று. பாடசாலை சுமக்கும் சுமையை இங்கே நாம் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானமேறிய பின்னரே அது தெரியவருகிறது.

2ம் வத்திக்கான் சங்கம் 1965ல் இவ்விரு பொருளையும் தொட்டது. பிற சமயங்களில் உண்மையும் பரிசுத்தமுமாய் உள்ளவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று அவ்வாண்டு ஒக்ரோபரில் அறிவித்தது. இரண்டு மாதத்துக்குள், இன்றைய உலகிற் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில், கடவுள் மறுப்பு பரவுவதில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு என்றது. தம் விசுவாசக் கல்வியைக் கவனியாமல் விடுவதை அதற்கொரு காரணமாகவும் காட்டிற்று. முதலாவதை மேடைகளிற் பலர் எடுத்துச் சொல்கின்றனர். இரண்டாவதை எடுத்துச் சொல்வார் குறைவு.

ஆண்டுதோறும் யூலை மாதத்தில் இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியிலுள்ள வோல்சிங்கம் திருத்தலத்துக்குத் தமிழர் ஆயிரக்கணக்கிற் போகின்றனர். எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538ல், அழிக்கப்பட்ட திருத்தலம் அது. நானூறு ஆண்டுகளுக்குப் பின் புத்துயிர் பெற்ற அவ்விடத்தில் இன்று தமிழிற் செபமாலை ஒலிக்கிறது. நம்மோடு சைவர்களும் வருகின்றனர். பெற்றாருடன் பிள்ளைகளும் அங்கே வருகின்றனர். 2021 மார்ச்சில் குடிசன மதிப்புப் பத்திரத்தை நிரப்பியபோது அப்பிள்ளைகளுக்காக விடை எழுதியவர்கள் பெற்றாரே. ஆகையால் நாம் மேலே கண்ட எண்களிற் பிள்ளைகளின் பங்கு முழுவதும் தாய் தந்தையரின் கையெழுத்து. அன்று எட்டு வயதாயிருந்த பிள்ளை, பத்தாண்டு கழித்து வரும் பத்திரத்திற் தன் கையாலே விடை எழுதும்.