பாசிட்டிவ் என்றால் போதுமா?

2020 தொடக்கத்தில் சமூக வலைத்தளங்களில் ஒரு 'ஆதாரம்' சுற்றியது. கொரோனாவுக்கு 2018-லேயே இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் காப்புரிமை வாங்கிவிட்டதாம்! காப்புரிமைப் பத்திரம் நிஜம்தான். ஆனால் அது கோழிகளுக்கு வரும் கொரோனா வைரஸை வலுவிழக்கச் செய்து தடுப்பூசியாக்கும் வழி பற்றியது. கோழி வைரஸ் காமா பிரிவு, கோவிட் வைரஸ் பீட்டா பிரிவு. இன்னொரு பக்கம், கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற புரளியில் இந்தியப் பண்ணையாளர்கள் கறிக்கோழியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கோழி வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவே இல்லை.

கோழிகளுக்கு அது தரும் நோய் புதியதும் அல்ல. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குஞ்சுகள் மூச்சிரைத்துச் சாவதை ஷால்க், ஹான் என்ற இருவர் 1931-ல் பதிவு செய்தார்கள். பண்ணைகளில் இன்று 'ஐபி' எனப்படுவது அதுதான்.

"ஐபி வெறும் சளி, தானாகப் போய்விடும்" என்பது அடுத்த நம்பிக்கை. சில வகைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். 1990-களில் சீனாவில் தலைகாட்டிய க்யூஎக்ஸ் வகை, குஞ்சுப் பருவத்திலேயே முட்டைக்குழாயைக் கெடுத்துவிடும். அந்தக் குஞ்சு நன்றாக வளரும்; கொண்டை சிவக்கும்; தீனியும் குறையாமல் தின்னும். முட்டை மட்டும் வராது. குழாயில் நீர் கோத்து வயிறு தொங்க, பென்குவின் போல நிமிர்ந்து நிற்கும். நோய் தாக்கியது எப்போதோ. நஷ்டம் தெரிவது மாதங்கள் கழித்து.

"ஐபி தடுப்பூசி போட்டாச்சு, இனி கவலையில்லை" என்பாரும் உண்டு. மாசசூசெட்ஸ் வகைக்கான எதிர்ப்புச் சக்தி கனெக்டிகட் வகையைத் தடுக்காது என்பது 1956-லேயே தெரிந்துபோனது. வைரஸின் முள்புரதத்தில் எஸ்1 என்ற பகுதி ஓயாமல் மாறுவதே காரணம். அந்த எஸ்1 மரபணுவை வைத்து 2016-ல் ஓர் ஆய்வுக் குழு உலக வைரஸ்களை 6 மரபு வகைகளாகவும் 32 கிளைகளாகவும் பிரித்தது.

ஆனால் பெரிய குழப்பம் ஆய்வக முடிவில்தான். பிசிஆர் மரபணுப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றதும் நோய் பிடிபட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எச்120 போன்ற ஐபி தடுப்பூசிகளில் இருப்பது உயிருள்ள வைரஸ். முட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைக்கப்பட்டது. தடுப்பூசி போட்ட கோழியின் தொண்டையில் அதுவே வாரக்கணக்கில் கிடக்கும், பொதுவான பிசிஆர் அதையும் பிடிக்கும். வழக்கமான எலிசா ரத்தப் பரிசோதனையும் எந்த வகை என்று சொல்லாது. எஸ்1 பகுதியின் மரபணு வரிசையைப் படித்தால்தான் வந்திருப்பது தடுப்பூசி வைரஸா, வெளியிலிருந்து நுழைந்ததா என்பது விளங்கும். எங்கிருந்து மாதிரி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நோய் கண்ட முதல் வாரத்தில் மூச்சுக்குழாய் சரி. நாளாகிவிட்டால் சிறுநீரகத்திலும் குருட்டுக்குடல் பகுதியிலும் தேட வேண்டும்.

மாதிரி அனுப்பும் பண்ணையாளர்கள், கடைசியாகப் போட்ட ஐபி தடுப்பூசியின் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால், எந்த வகை என்று கேட்காமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.