நட்சத்திரப் பட்டகம் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு

1. எடுத்ததும் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். நம் கொட்டாம்பட்டியில் பனைக்கா பஞ்சம்? குருத்தோலையை ஒரே அகலத்தில் கிழித்து, சாதாரண முடிச்சுப் போட்டு, மெல்ல இறுக்கி, நகத்தால் நீவிவிடுங்கள். ஒழுங்கான ஐங்கோணம் கிடைக்கும். மெல்லிய காகித நாடாவில் அதே முடிச்சைப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனியை மேலே மடித்து வெயிலில் பிடித்தால் உள்ளே நட்சத்திரம் தெரியும்.

2. காகிதம் மடிப்பதை வெறும் விளையாட்டு என்பவர்களிடம் தண்டலம் சுந்தர ராவைச் சொல்லுங்கள். மடிப்பிலேயே வடிவியல் கற்பிக்கும் அவர் நூல் 1893-இல் சென்னையில் அச்சானது.

3. பலகையில் வட்டமாக ஐந்து ஆணி அடித்து, ஒன்று விட்டு ஒன்றாக நூலைச் சுற்றுங்கள். இரண்டு சுற்று சுற்றிப் புறப்பட்ட ஆணிக்கே நூல் திரும்பும். அது திரும்பிய இடங்கள் ஐந்துதான். குறுக்கே வெட்டிக்கொண்ட இடத்தில் ஆணி இல்லையே, அது எப்படி முனையாகும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நட்சத்திரத்துக்குப் பத்து முனை என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

4. மேலே ஒரு நட்சத்திரம், கீழே ஒன்று, நடுவே ஐந்து சதுரங்கள். எந்த முனையில் பார்த்தாலும் ஒரு நட்சத்திரமும் இரண்டு சதுரமும் கூடும். அதனால்தான் இது சீரான திண்மம். முகம் 7, முனை 10, விளிம்பு 15. ஆய்லர் வாய்ப்பாடு சரியாக வரும்.

5. அளவில் அவசரம் வேண்டாம். 5.26 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, 72 பாகைக்கு ஒரு புள்ளி வைத்து, ஒன்று விட்டு ஒன்றை இணைத்தால் கோடு 10 செ.மீ. வரும். ஒவ்வொரு கோடும் 3.82, 2.36, 3.82 என்று மூன்றாகப் பிரியும். சதுரத்தின் நடுப்பட்டை உள்ளே மறைந்துவிடும். ஆகவே சுவருக்கு 38.2 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஒரே சார்ட் பட்டை போதும். ஒட்டும் நாக்குக்குச் சற்றுக் கூட்டி வெட்டுங்கள். 3.82-க்கு ஒரு மடிப்பு, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. கூர் 36 பாகை, பள்ளம் வெளிப்புறம் 108. மறைந்த பட்டையும் சதுரத்தின் பகுதிதான். எண்ணும்போது விட்டுவிடாதீர்கள்.

6. பசை காயட்டும்.

7. அடுத்து, கெப்ளர் 1619-இல் எழுதிய நட்சத்திரத் திண்மத்துக்கு வாருங்கள். பன்னிரண்டு ஐங்கோண முகம் கொண்ட திண்மத்தில் முகத்துக்கு ஒரு கூம்பு நிற்கும். நட்சத்திர முகம் 12, முனை 12, விளிம்பு 30. ஆய்லர் கணக்குப் போட்டால் 2 வராது, −6 வரும். எண்ணியது தப்போ என்று அழித்துவிடாதீர்கள், அந்த நோட்டோடு வீட்டுக்கு வாருங்கள்.