ஆய்வில் இளையோர் குரல்

மனநலச் சிக்கல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆயினும், அவ்வயதினரைப் பற்றிய ஆய்வுகளின் வினாக்களை நெடுங்காலம் வகுத்தவர்கள் பெரியவர்களே. மாணவர் விடை சொல்பவராக மட்டும் இருந்தனர்.

மாணவர்களே! கோவாவின் சங்கத் என்னும் தன்னார்வ நிறுவனம் நடத்திய ‘பிரைட்’ ஆய்வுத்திட்டம் இதனின்று வேறுபட்டது. தில்லியிலும் கோவாவிலும் பயிலும் மாணவரிடம், அவர்தம் மனத்தை அழுத்துவன யாவை, எவ்வகை உதவி வேண்டும் என முதலில் கேட்டறிந்தனர். படிப்பு, குடும்பம், நட்பு எனப் பிள்ளைகள் சொன்ன இடர்களே கதைகளாயின. படக்கதைச் சிறுநூல்களும், ‘பாட் அட்வென்சர்ஸ்’ என்னும் திறன்பேசி விளையாட்டும் இவ்வாறு உருப்பெற்றன. சிக்கலை இனங்காணல், வழிகளை எண்ணல், ஒன்றைச் செய்துபார்த்தல் என்பன அவ்விளையாட்டின் படிகள். முன்மாதிரியை மாணவரே விளையாடிக் குறைகளைச் சுட்டினர்.

இருவரைக் கூட்டத்துக்கு அழைத்து, ஒளிப்படம் எடுத்து அனுப்பிவிடுவது பங்கேற்பு ஆகாது. வினாவையே மாற்றவும், பயன்படாததைப் பயன்படாது என்று மறுக்கவும் இளையோர்க்கு இடம் வேண்டும். இது பெரியவர் காட்டும் சலுகையன்று. தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையை, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12ஆம் உறுப்பில் வழங்குகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது.