இழை வடங்களில் அழகும் ஒழுங்கும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் அளவில் சிறிய ஊராயினும் சரித்திரத்தில் பெரிய ஊராகும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, இவ்வூரில் அமைந்த பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகின்றது. எந்த மடை எந்த வயலுக்குரியது, எங்கே கரை பலவீனமானது என்பதை அறிந்தவர் ஊரில் இருக்கும்வரைதான் எந்த வாய்க்காலும் பயன்படும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பொழுது ஊர்களுக்கு வேறொரு வாய்க்கால் வந்து கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின்படி, கண்ணாடி இழை வடத்தின் மூலம் கிராமங்களுக்கு இணைய வசதி அளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பதென வகுத்து, அப்பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வடம் பெரும்பாலும் கம்பங்களின் மேலாகவே வந்து, ஊராட்சிக் கட்டடத்திலுள்ள இரும்புப் பெட்டியில் முடிகிறது. அப்பெட்டியையும் அதனைச் சுற்றிய வடங்களையும் எவ்வாறு பேணுவது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

ஓர் அலுவலகத்தில் யான் கண்டது இது. பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த வடங்கள் வைக்கோற்போர் சரிந்தாற்போலக் கிடந்தன. பழுது பார்க்க வந்தவர் ஒன்றைப் பிடித்திழுக்க, வேறு இரண்டு கழன்று வந்தன. அன்று பட்டா நகல் பெற வந்தோர் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களுள் ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர். இதைக் கண்ட அலுவலகத்தார் அடுத்த மாதம் எல்லா வடங்களையும் ஒரே கற்றையாக்கி, பின்னிய சடைபோல் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுகக் கட்டினர். பார்வைக்கு மிக அழகாயிருந்தது. ஆனால் ஒரே ஒரு வடத்தை மாற்ற வேண்டி வந்தபோது, கட்டு முழுவதையும் அறுக்க நேர்ந்தது!

இறுக்கிக் கட்டுவதன் தீமை

கண்ணாடி இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதி அதனினும் மிக நுண்ணியது. இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். இழை உடையாமலிருந்தும் செய்தி சென்று சேராது. சாதாரண வகை இழையை, காபித் தம்ளரின் வாயைக் காட்டிலும் சிறிய வட்டமாகச் சுற்றலாகாது. செம்புக் கம்பி வடத்திற்கும் இடையூறுகள் உண்டு. அதற்குள் நான்கு இணைகள் முறுக்கப்பட்டுள்ளன. இறுக்கினால் முறுக்கின் அமைப்பு கெடும். மிக விரைவாகச் செய்தி கடத்தும் செம்பு வடங்களை நெடுந்தூரம் ஒட்டி அடுக்கினால், ஒன்றிலுள்ள செய்தி மற்றொன்றை உறுத்தும். காமிரா முதலிய சாதனங்களுக்கு அதே வடத்தின் வழியே மின்சாரமும் சென்றால், பெருங்கற்றையின் நடுவிலுள்ள வடங்கள் சூடேறும். ஆகவே, விரலால் நெகிழ்த்தக்க அளவில், ஒட்டித் திறக்கும் துணிப்பட்டையால் கட்டுவதே நலம்.

காஞ்சி வட்டாரத்து நெசவாளரைக் கவனியுங்கள். பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அவற்றை அவர் கற்றையாக்கி முடிவதில்லை. இழைகளை ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிரித்து, இடையே கோல்களைச் செருகி வைக்கிறார். ஓர் இழை அறுந்தால் அதற்குரிய இடத்தை இரு பக்கத்து இழைகளும் காட்டிவிடும். துண்டு இழை சேர்த்து முடிந்து, தறியை மீண்டும் ஓட்டுகிறார். இழை வடத்திலும் இவ்வழி உண்டு. வடத்திற்குள் இழைகள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு எனத் தொடங்கிப் பன்னிரண்டு நிறங்களில் வரிசையாக அமைந்துள்ளன. நிறம் மாறாமல் இணைத்தால் எவரும் பிழையறப் பழுது பார்க்கலாம். வெளியே செல்லும் வடங்களுக்கு நிறம் போதாது. இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுதல் வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதுவது பாதி வேலையே.

கம்பத்தில் தொங்கும் சுருள்

கம்பங்களில் ஆங்காங்கே வடம் சுருளாகத் தொங்குவதைக் காண்கிறோம். ‘அலங்கோலமாயிருக்கிறது, மிச்சத்தை வெட்டினால் என்ன?’ என்று அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. அதை வெட்டலாகாது. இழைகளை உருக்கி ஒட்டும் வேலை கம்பத்தின் மேல் நடைபெறுவதன்று; வடத்தைத் தரைக்கு இறக்கி, மேசைமேல் கருவியை வைத்துச் செய்வதாகும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் சிறிது நீளம் செலவாகும். சுருள் இல்லையேல் புது வடமும் இரண்டு ஒட்டுகளும் தேவைப்படும்.

சுருளின் நீளத்தைக் குறித்து வைப்பதும் அவசியம். வடம் அறுந்தால், ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி இழைக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு அறுந்த இடத்தின் தூரத்தைச் சொல்லும். அது 2,000 மீட்டர் என்று காட்டுவதாகக் கொள்வோம். இடையில் 20 மீட்டர் சுருள்கள் ஐந்து இருந்தால், சாலையில் அளக்க வேண்டியது ஏறத்தாழ 1,900 மீட்டரே. இக்கணக்கு எழுதப்படாத ஊரில், பழுது பார்ப்பவர் தவறான கம்பத்தின்மேல் ஏறி அரைநாளை வீணாக்குவார். எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் சுருள் உள்ளது, எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார் என்பனவற்றை ஊராட்சியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பெட்டிக்கு அருகிலேயே வைத்தல் நலம். கணினியில் மட்டும் எழுதி வைத்தால், இணைப்பு அறுந்த நாளில் அதைத் திறக்க இயலாமற் போகலாம்.

வடத்தைத் தளர்வாக விடலாம் என்றதனால் பாதையின்மேல் தாழத் தொங்கவிடலாம் என்று கொள்ளலாகாது. வைக்கோல் ஏற்றிய லாரியும், நெல் அறுவடை இயந்திரமும், திருவிழாவில் தேரும் செல்லும் இடங்களில் உயரத்தை முன்னரே அளந்து, தொய்வு கண்டால் உரிய நிறுவனத்திற்கு எழுதுதல் வேண்டும். கம்பத்தில் மின்சாரமும் இருக்கக்கூடுமாதலால், ஊரார் தாமே ஏறிக் கட்ட முயலலாகாது.

சில இடங்களில் வடம் மண்ணுக்குள் செல்கிறது. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகையில் அது அறுபடுவது பல ஊர்களில் நேர்கிறது. இதைத் தவிர்க்க, ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்னும் பொருள்படும் கைப்பேசிச் செயலி ஒன்றை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. தோண்டும் இடத்தை அதில் தெரிவித்தால், நிலத்தடிச் சாதனங்களின் உரிமையாளருக்குச் செய்தி சென்றுவிடும். ஒப்பந்தக்காரருக்கு வேலை உத்தரவு கொடுக்கும்போதே இதனையும் ஒரு நிபந்தனையாக எழுதி, தோண்டும் நாளில் அந்த நோட்டுப் புத்தகத்துடன் ஒருவரை உடன் அனுப்புவது ஊராட்சியால் எளிதில் இயலும்.