ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றினால் வாரன்ட்டி போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஹேட்ச்பேக் காருக்கு இது மூன்றாவது வருஷம். நீட்டித்த வாரன்ட்டிக்கும் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோம். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்தது. சர்வீஸ் சென்டரில் “இது தேய்மான ஐட்டம், வாரன்ட்டியில் வராது” என்று சொல்லி, பெரிய தொகைக்கு எஸ்டிமேட் போட்டார்கள். அதே கம்பெனியின் ஒரிஜினல் ஸ்பேரை ஈரோட்டில் பில் போட்டு வாங்கினேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த என் மச்சானும் நானும் சேர்ந்து வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டோம். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஏ.சி. கம்ப்ரஸர் பழுதானபோது, “வெளியே கை வைத்த வண்டி, வாரன்ட்டி கட்” என்று சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் மழையில் பிரேக் அடித்தபோது வண்டி வழுக்கி, முன்னால் போன ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. ஓட்டியவருக்கு முழங்கையில் காயம். எங்கள் வண்டிக்கு பம்பர், பானெட், ரேடியேட்டர் சேதம். சர்வேயரிடம் பேச்சுவாக்கில் ஷாக் மாற்றியதைச் சொன்னேன். “அப்படின்னா க்ளெய்ம் கஷ்டம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் மேல் கேஸ் வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் செய்தது குற்றமா?
— ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: குற்றம் இல்லை. சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பழுது பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களைப் பயமுறுத்தியவர்கள் மனதில் இருப்பது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவாக இருக்கலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகிப் போகும்படி வண்டியை மாற்றி அமைக்கக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆனால் பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே பார்ட் நம்பரில் புதியதைப் போடுவது மாற்றி அமைத்தல் ஆகாது, பழுது நீக்கம்தான். உங்கள் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போகவே வேண்டாம். உயரம் கூட்டுகிற கிட், வேறு மாடலின் ஸ்பிரிங் என்று எதையாவது மாட்டியிருந்தால் என் பதில் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

அடுத்து வாரன்ட்டி. பின் ஷாக்கை மாற்றியதால் ஏ.சி. கம்ப்ரஸருக்கு வாரன்ட்டி கிடையாது என்பது, பல் பிடுங்கியவனுக்குக் கால் சுளுக்கினால் வைத்தியம் கிடையாது என்பது போல இருக்கிறது. 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் அளித்த உத்தரவு இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் என்று அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. எனக்கு அந்தத் தொகையைவிட முக்கியமாகப் படுவது உத்தரவில் இருந்த இன்னொரு கட்டளை. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரன்ட்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது. வெளியே செய்த வேலை சரியில்லாததால் ஏற்பட்ட சேதம் எதுவோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது ஆணையம்.

இதை வைத்து ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த உத்தரவின் மேல் அப்பீல்கள் நடந்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில் ஆணையத்தின் முடிவு சரி என்று சொல்லி, அபராதத்தை மட்டும் குறைத்தது. அதற்குப் பிறகும் விவகாரம் மேலே போனது. தவிர, ஆணையம் பேசியது வெளி மெக்கானிக்குகளைப் பற்றி. வீட்டு வாசலில் நீங்களே செய்ததைப் பற்றி அல்ல. அந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் பிடித்துக்கொள்வார். ஆனாலும் நுகர்வோர் ஆணையத்தில் வாதாட அந்தக் கட்டளையின் நியாயம் போதும்.

முதலில் உங்கள் வாரன்ட்டி புத்தகத்தைப் படியுங்கள். வெளிவேலையால் பழுதான பாகத்துக்கு மட்டும் விலக்கா, வண்டி முழுவதற்குமா என்று பாருங்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள்: “பின் ஷாக் மாற்றியதால் கம்ப்ரஸர் எப்படிப் பழுதானது? எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள்? எழுத்தில் தெரிவிக்கவும்.” கவுன்டரில் வாயால் மறுப்பவர்கள், காரணத்தைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் பல நேரம் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க முடியும். கம்பெனியின் தலைமையகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். காலக்கெடு இரண்டு வருஷம்.

இன்ஷூரன்ஸில் இரண்டு க்ளெய்ம்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்கூட்டர்காரருடையது மூன்றாம் நபர் க்ளெய்ம். அதை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் காரணங்கள் மிகக் குறைவு. முன்பு 149-ஆக இருந்து இப்போது 150 ஆகியிருக்கும் பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கிறது: லைசென்ஸ் இல்லாதது, குடித்துவிட்டு ஓட்டியது, பந்தயத்தில் ஓட்டியது, தகவலை மறைத்து பாலிசி எடுத்தது போன்றவை. வீட்டில் ஷாக் மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய காயத்துக்கான இழப்பீடு கம்பெனியின் பொறுப்பு. அவர் ஸ்கூட்டருக்கும் உங்கள் பாலிசியில் வழக்கமான 7.5 லட்சம் வரம்பு இருக்கும். பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ரூபாயாக நீங்களே சுருக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

உங்கள் காரின் சேதம்தான் அந்த சர்வேயர் சொன்ன “கஷ்டம்”. தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை உண்டு: வண்டியை நல்ல ஓட்ட நிலையில் வைத்திருக்க, பாலிசிதாரர் நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும். கம்பெனி கையில் எடுக்கப்போவது இதைத்தான். நீங்களும் இதையே கையில் எடுங்கள். ஆயில் கசிந்த ஷாக்கோடு அதே மழையில் அதே ரோட்டில் போயிருந்தால்தான் இந்த நிபந்தனையை மீறியிருப்பீர்கள். டயர் ரோட்டைப் பிடித்து நிற்க ஷாக் வேலை செய்தாக வேண்டும். அது தளர்ந்தால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். நீங்கள் இரண்டு பக்கமும் ஒரிஜினல் ஸ்பேர் போட்டு நிபந்தனையை நிறைவேற்றியவர். மெக்கானிக்கல் பழுதுக்குப் பணம் இல்லை என்ற விலக்கும் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கேட்பது மோதலில் போன பம்பருக்கும் ரேடியேட்டருக்கும். விலக்கு பொருந்தும் என்று காட்ட வேண்டிய சுமை கம்பெனியுடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது.

காயம் இருப்பதால் போலீஸ் வழக்கு பதிவாகியிருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தந்திருப்பார். இப்படிப்பட்ட அறிக்கைகளில் விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா, இல்லையா என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கேஸே அந்த வரியில்தான் இருக்கிறது. உடனே நகல் வாங்குங்கள். “கோளாறு காரணமல்ல” என்று இருந்தால் ஷாக்கைக் காட்டி உங்கள் க்ளெய்மை மறுப்பது மிகக் கடினம். ஆனால் அதே வரி கிரிமினல் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். வண்டி சரியாக இருந்ததென்றால் ஓட்டியவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று அரசுத் தரப்பு வாதிடும். என்னைக் கேட்டால், அதற்குப் பயந்து “ஷாக்தான் சார் சரியில்லை” என்று ஸ்டேஷனில் சொல்லி வைக்காதீர்கள். அப்படிச் சொன்னால் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறோடு ஓட்டியதற்கான 190-வது பிரிவை நீங்களே இழுத்துவிட்டுக்கொள்வீர்கள், க்ளெய்மும் போகும். வெறும் கவனக்குறைவுக்காக சொந்த சேத க்ளெய்மை மறுப்பது வழக்கமில்லை.

உங்கள் மச்சான் நிம்மதியாக இருக்கட்டும். அவர் கூலி வாங்காமல் உதவியவர், வண்டியை ஓட்டியவரும் அல்ல. வேலையில் அப்பட்டமான அலட்சியம் இருந்து, அதனாலேயே விபத்து நடந்தது என்று யாராவது நிரூபித்தால்தான் அவர் பெயர் வரும். ஆனால் இந்த வேலையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் வண்டிகளைக் கொண்டுவர, அவர் காசு வாங்க ஆரம்பித்தால் கதை வேறு. காசு வாங்கிய நாளிலிருந்து நுகர்வோர் சட்டப்படி அது சேவை. குறைபாட்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்விகளை மச்சானிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தினீர்களா, ஸ்டாண்டு கொடுத்தீர்களா? போல்ட்டை டார்க் ரென்ச்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கினீர்களா? கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டீர்களா, எடை இறங்கிய பிறகா? முதல் மாதிரி செய்திருந்தால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். தெளிவான பதில் இல்லையென்றால் ஒரு தகுதியுள்ள ஆட்டோமொபைல் இன்ஜினீயரிடம் வண்டியைக் காட்டி, இப்போதுள்ள நிலையைப் படத்தோடு அறிக்கையாக வாங்குங்கள். பம்பர் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

சர்வேயர் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது. சர்வே ரிப்போர்ட் நகலும் எழுத்தில் முடிவும் கேளுங்கள். மறுத்தால் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் முதலில் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும் என்பதால் வரிசை முக்கியம்.

ஸ்பேர் பில், பார்ட் நம்பர் உள்ள அட்டைப்பெட்டி, மாற்றும்போது எடுத்த போட்டோக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் 2023-ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றோடு கொடுக்க மூலப்படம் வேண்டும். கழற்றிப் போட்ட அந்தப் பழைய ஷாக்குகள் இன்னும் வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயில் கசிந்திருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.