தண்டமும் க்ஷமையும்

குருக்ஷேத்திரப் போர் முடிந்த இரவு. வெற்றி பெற்ற பாண்டவரின் பாசறையில் திரௌபதியின் புதல்வர் ஐவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். ஆயுதமின்றிக் கண்ணயர்ந்திருந்த அந்த இளைஞர்களைத் துரோணரின் மகன் அசுவத்தாமன் இருளில் புகுந்து கொன்றான். அது போர் அன்று. அரசு எவருக்கு என்பது அதற்குள் தீர்ந்துவிட்டது. அச்செயலால் துரியோதனனுக்கும் பயனில்லை, செய்தவனுக்கும் பயனில்லை. இன்றைய சட்ட நூல்கள் பயங்கரவாதம் என்று எதனைக் கூறுகின்றனவோ, அதற்கு மிக அருகில் நிற்கும் செயல் இது.

பிடிபட்ட அசுவத்தாமனை என்ன செய்வது என்னும் கேள்வியை ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தத்தின் ஏழாம் அத்தியாயத்தில் விரிவாக எடுத்துக்கொள்கிறது. அவனது தலையைக் கொண்டுவருவதாக அருச்சுனன் திரௌபதிக்கு வாக்களித்திருந்தான். வழியில் கண்ணனும் கொல்லும்படியே கூறினான். அருச்சுனனின் தர்மத்தைச் சோதிப்பதற்காகவே அவ்வாறு கூறினான் என்பது பாகவதத்தின் குறிப்பு. குருவின் மகன் மீது அருச்சுனனின் கை எழவில்லை. கயிற்றால் கட்டி இழுத்து வந்து திரௌபதியின் முன் நிறுத்தினான்.

தலை கவிழ்ந்து நின்றவனைக் கண்ட திரௌபதி வணங்கினாள். கட்டை அவிழ்க்கச் சொன்னாள். அதற்கு அவள் கூறிய காரணங்களுள் ஒன்று கல்லையும் கரைக்க வல்லது. அவனுடைய தாய் கிருபி உயிரோடு இருக்கிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல் அவளும் அழ வேண்டாம் என்றாள். தருமர், நகுலன், சகாதேவன் உள்ளிட்டோர் அதை ஏற்றனர். பீமன் ஏற்கவில்லை. உறங்கும் பிள்ளைகளைக் கொன்றவனுக்கு மரணமே தகும் என்று சினந்து கூறினான். கண்ணன் இருவரையும் பார்த்தான், எவரையும் மறுக்கவில்லை. கொல்லலாகாது என்பதும் கொலைவெறியனைக் கொல்ல வேண்டும் என்பதும் தன் கட்டளைகளே என்றும், இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும்படியும் அருச்சுனனிடம் கூறினான். அருச்சுனன் அசுவத்தாமனின் தலைமணியை முடியோடு அறுத்தெடுத்து, பாசறையிலிருந்து துரத்தினான்.

இங்கே உயிர் எடுக்கப்படவில்லை, தண்டனையும் கைவிடப்படவில்லை. அவன் குற்றமற்றவன் என்று திரௌபதி சொல்லவில்லை. பீமனின் சினம் தவறு என்று கண்ணனும் சொல்லவில்லை.

இவ்வத்தியாயத்தைப் படிப்போர் வியாச பாரதத்தின் சௌப்திக பர்வத்தையும் உடன் வைத்துப் படிப்பது நல்லது. அங்கே காணப்படும் திரௌபதி வேறு. அசுவத்தாமன் தண்டிக்கப்படும் வரை எழுவதில்லை என்று உண்ணாநோன்பில் அமர்ந்துவிடுகிறாள். பீமன் புறப்படுவது அவள் வேண்டுகோளின்படியே. ஒரே தாய், ஒரே இழப்பு. ஒரு நூலில் மன்னிக்கிறாள், மற்றொன்றில் மன்னிக்க மறுக்கிறாள். இரண்டிலும் அவளை எவரும் பழிக்கவில்லை. பிள்ளையை இழந்தவரிடம் சென்று மன்னிப்பின் மேன்மையை உபதேசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. க்ஷமை தானாகக் கனிந்தால் அது தெய்விகம். கேட்டு வாங்கினால் அது இழந்தவர்க்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

இரு வேறு இருக்கைகள்

மன்னிக்கும் உரிமை இழந்தவருக்கு உண்டு என்றால், அரசுக்கும் உண்டா? திருவள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலிலும் பொறையுடைமையை இல்லறவியலிலும் வைத்தார். கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை பறிப்பதை ஒக்கும் என்னும் கருத்தையோ பொருட்பாலில், செங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். முரண்பாடு போல் தோன்றும் இவ்வமைப்பில் ஒரு தெளிவு உள்ளது. துறவியின் இருக்கை வேறு, அரசனின் இருக்கை வேறு. தன் கன்னத்தில் விழுந்த அடியைத் துறவி பொறுக்கலாம். பிறர் கன்னத்தில் விழுந்த அடியை அவர் சார்பில் பொறுத்துக்கொள்ள அரசனுக்கு அதிகாரம் இல்லை.

அதனாலேயே தூக்கு மரம் தர்மமாகிவிடுமா? அடுத்த படி அதுவன்று. குற்றத்தை நாடி ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாதவாறு, அதற்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும் என்பதும் வள்ளுவர் அரசனுக்கு விதித்ததே. கோலை ஓங்குவதில் கடுமையும் வீழ்த்துவதில் மென்மையும் வேண்டும் என்கிறார்.

தந்தையும் மகனும்

சாவித்திரியின் கணவனாகிய சத்தியவானை யாவரும் அறிவர். மரணத்தின் வாயிலிருந்து மீண்ட அவனே மரண தண்டனையைக் குறித்துத் தன் தந்தை துயுமத்சேனனோடு வாதிட்டான் என்பதை அறிந்தோர் சிலரே. சாந்தி பர்வத்தில் பீஷ்மர் இவ்வுரையாடலைத் தருமருக்குக் கூறுகிறார்.

மன்னனின் ஆணையால் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படுவோரைக் கண்டு சத்தியவான் பேசத் தொடங்குகிறான். தர்மம் சில வேளை அதர்மத்தின் உருக்கொள்ளும், அதர்மம் தர்மமாகத் தோன்றும். ஆயினும் கொலை ஒருபோதும் தர்மமாகாது என்கிறான். துயுமத்சேனன் எளிதில் மடங்கும் தந்தை அல்லன். கொல்லத்தக்கவனைக் கொல்லாமல் விடுவதே தர்மமாயின் அதர்மம் என்பது எது, கொள்ளையர் ஓங்கினால் எளியவனின் உடைமை எவ்வாறு அவனிடம் நிற்கும் என்று கேட்கிறான். மகன் தளரவில்லை. ஒருவனைக் கொல்லும்போது அவன் மனைவி, தாய், தந்தை, மக்கள் ஆகிய குற்றமற்றோரும் உடன் கொல்லப்படுகின்றனர். தீயவனும் நல்லார் சேர்க்கையால் திருந்துவதுண்டு. தீயவனுக்கும் நல்ல மக்கள் பிறப்பதுண்டு. ஆகவே வேரை அறுக்கலாகாது என்கிறான். உடைமையைப் பறித்தல், கட்டி வைத்தல் போன்ற தண்டனைகளை மாற்றாக முன்வைக்கிறான். திருந்துவதாகச் சரணடைந்தவனை முதல் முறை விடலாம், மீண்டும் மீண்டும் தவறுபவனுக்கு அச்சலுகை இல்லை என்ற வரம்பையும் அவனே இடுகிறான்.

துயுமத்சேனனின் மறுமொழி காலத்தைப் பற்றியது. முற்காலத்தில் ‘சீ’ என்று இகழ்வதே போதிய தண்டனையாக இருந்தது, பின்னர்க் கடுஞ்சொல் தேவைப்பட்டது, அதன்பின் அபராதம், இப்போது கொலைத்தண்டனை. அதற்கும் அஞ்சாதோர் தோன்றிவிட்டனர் என்கிறான். கொலைத்தண்டனையை ஆதரிப்பவன் வாயிலிருந்தே வரும் இந்த ஒப்புதல் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் புகுந்த பத்துப் பேரும் மரணத்துக்கு அஞ்சி நடந்தவர்கள் அல்லர். அவர்களுள் ஒன்பது பேர் அங்கேயே மாண்டனர். 166 பேரின் உயிரைப் பறித்த அத்தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப்புக்கு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை விசாரணை நடந்து, 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. சாவதற்கென்றே வருபவனைச் சாவைக் காட்டி எவ்வாறு தடுப்பது? அச்சுறுத்தல் என்னும் காரணம் பிற குற்றங்களில் எவ்வாறாயினும், பயங்கரவாதத்தில் வலுவிழந்தே நிற்கிறது.

இதற்கு எதிராகக் கூறப்படும் வலுவான வாதம் 1999 டிசம்பரில் நிகழ்ந்தது. காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டுக் கந்தஹாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பயணிகளை மீட்க, இந்தியச் சிறைகளில் இருந்த மூவர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மசூத் அசார் அடுத்த ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமது இயக்கத்தைத் தொடங்கினார். சிறையில் உயிரோடு வைக்கப்பட்டவன் மற்றொரு கடத்தலுக்குத் தூண்டில் ஆவான் என்னும் அச்சம் கற்பனையன்று. எனினும் மசூத் அசார் மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி அல்லர். சட்டப் புத்தகத்தில் இருந்த தூக்குக் கயிறு அந்நாளில் எவ்வகையிலும் உதவியிராது. தவறியது காவல், தண்டனையின் அளவு அன்று.

காலம் தாழ்ந்து வரும் உண்மை

1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்று வரையறுத்தது. அதன்பின்னும் ஒரு வாயில் உண்டு. அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆம் பிரிவு ஆளுநருக்கும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அளிக்கின்றன. இதனை மன்னர் காலத்துத் தயவின் எச்சம் என்று எண்ணுவோர் பலர். அது முழு உண்மையன்று. இந்திரா காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கேஹர் சிங்கின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், கருணை மனுவை ஆராயும் குடியரசுத் தலைவர் சாட்சியங்களையே மீண்டும் எடைபோட்டு வேறு முடிவுக்கு வரலாம் என்று கூறியது. மனிதர் அளிக்கும் தீர்ப்பில் பிழை நேரக்கூடும் என்னும் பணிவே கருணை அதிகாரத்தின் அடிப்படை.

இப்பணிவு ஏன் தேவை என்பதை ஸ்ரீபெரும்புதூர் வழக்கு காட்டும். 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். பணியிலிருந்த காவலர்களும் கட்சித் தொண்டர்களும் உடன் மாண்டனர். 1998-இல் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வருக்கு மட்டுமே அதனை உறுதி செய்தது. பத்தொன்பது பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்தே விடுபட்டனர். மேல்முறையீடு என்னும் ஒரு படி இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்நால்வருள் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது 19 வயதினர். வெடிகுண்டுக்கான இரு ஒன்பது வோல்ட் மின்கலங்களை வாங்கித் தந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் முக்கியமானது. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஈராண்டுகள் கழித்து, 2013-இல், அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வு பெற்ற புலனாய்வு அதிகாரி, மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகத் தெரிவித்தார். நீதிமன்றம் பேரறிவாளனைக் குற்றமற்றவர் என்று அறிவிக்கவில்லை. அவர் மீதான தீர்ப்பு அப்படியே உள்ளது. ஆனால் குறித்த நாளில் தண்டனை நிறைவேறியிருந்தால், அந்த அதிகாரியின் மனச்சாட்சி எவரிடம் போய்ப் பேசியிருக்கும்? சத்தியவான் சொன்ன கட்டி வைத்தல் என்னும் தண்டனையில் பிழையைத் திருத்தும் வழி உண்டு. மற்றதில் இல்லை.

தண்டனையை நிறைவேற்றும் முறையிலும் அரசின் உள்ளம் வெளிப்படும். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குரு 2013 பிப்ரவரி 9 அன்று தூக்கிலிடப்பட்டார். செய்தி தாங்கிய அஞ்சல் குடும்பத்தைச் சென்றடைந்தது இரு நாள் கழித்து. அவரது குற்றம் எதுவாயினும், கிருபி செய்த குற்றம் என்ன? மறு ஆண்டு, 2014 ஜனவரி 21 அன்று, உச்ச நீதிமன்றம் இதற்கு நெறி வகுத்தது. கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் குடும்பத்தாருக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 14 நாள் அவகாசம் வேண்டும். மனுவை முறையற்றுத் தாமதிப்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என்றது. பயங்கரவாதக் குற்றவாளிகளுக்கு இத்தாமதச் சலுகை பொருந்தாது என்று 2013-இல் கூறப்பட்ட தீர்ப்பும் அன்று சரியன்று எனக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, பதினோர் ஆண்டுத் தாமதத்தைக் காரணம் காட்டி ராஜீவ் வழக்கின் மூவரது மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

இருப்பினும் தயக்கம் தீரவில்லை. 2015-இல் சட்ட ஆணையம் தன் 262-ஆம் அறிக்கையில் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் பயங்கரவாதமும் நாட்டின் மீது போர் தொடுத்தலும் விலக்கு என்றது. பிழை நேரும், ஏழைகளே மிகுதியும் சிக்குகின்றனர் என்பன போன்ற காரணங்களைக் கூறிய அறிக்கை பயங்கரவாதத்தின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. நாட்டின் பாதுகாப்பைக் குறித்த கவலை அதற்குக் காரணம், அக்கவலையை இகழ்வதற்கில்லை. ஆயினும் பொதுமக்களின் சினம் மிகுந்து, விரைவில் ஒருவரைக் கண்டாக வேண்டும் என்ற அழுத்தம் கூடும் வழக்குகளிலேயே பிழைக்கும் இடம் மிகுதி. விலக்கு எங்கே தேவையென்று எண்ணப்பட்டதோ, அங்கேதான் எச்சரிக்கையும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

வேலூர்ச் சிறையில்

நால்வருள் ஒருவரான நளினிக்குச் சிறையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. நளினியைத் தூக்கிலிடுவதில் தமக்கு விருப்பமில்லை என்பதைச் சோனியா காந்தி தெரிவித்தார். 2000-ஆம் ஆண்டில் தமிழக ஆளுநர் அவரது தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். தாயை இழந்த குழந்தையாக மற்றொன்று வளர வேண்டாம் என்னும் எண்ணத்தில் திரௌபதியின் குரலே கேட்கிறது. 2008 மார்ச்சில் ராஜீவின் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். தந்தையைக் கொன்ற சதியில் தண்டிக்கப்பட்டவரின் எதிரே அமர்ந்து பேசிவிட்டுத் திரும்பினார்.

அச்சந்திப்புக்குப் பின் சிறைக் கதவு திறந்துவிடவில்லை. மகள் மன்னித்தது மகளின் செயல். அதனால் அரசின் தண்டனை முடிந்துவிடவில்லை. மேலும் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 11 அன்றே உச்ச நீதிமன்றம் நளினி உள்ளிட்ட அறுவரை விடுவித்தது. அன்று குண்டுவெடிப்பில் காயமுற்றோரும் உறவினரை இழந்தோரும் தங்கள் வேதனையைத் தெரிவித்தனர். ஸ்ரீபெரும்புதூரில் மாண்ட காவலரின் குடும்பத்துக்கும் மன்னிப்பதா மறுப்பதா என்னும் அதே உரிமை இருந்தது.